உப்பு இறங்காமல் துரு இறங்காது

கேள்வி: என் அப்பா முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்தவர். மழையோ வெயிலோ, ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் போய்வருவார். அவர் காலமான பிறகு வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தது. இப்போது என் மகன் அதை ஓட்ட ஆசைப்படுகிறான். ஹேண்டில்பார், மட்கார்டு, ரிம், கிராங்கு, பெடல், கேரியர் எல்லாமே துரு. பாத்ரூம் கழுவும் ஆசிடில் முக்கினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்கிறார் சைக்கிள் கடைக்காரர். புளி போட்டுத் தேய் என்கிறார் அம்மா. இணையத்தில் வினிகர், கோலா, எலுமிச்சையும் உப்பும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து ஹேண்டில்பாரையும் மணியையும் தேய்த்துப் பார்த்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. ஒரு வாரத்துக்குள் முன்பைவிட மோசமாகத் துரு பூத்துவிட்டது. மதுரையில் இருக்கும் என் தம்பி இதே முறையில் சுத்தம் செய்த வண்டி இன்னும் நன்றாக இருக்கிறது. நான் எதில் பிசகினேன்? வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய, ஆபத்தில்லாத அமிலம் எது?

- வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: எலுமிச்சை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கெடுத்தது உப்பு. நீங்கள் சேர்த்த உப்பு பாதி. உங்கள் அப்பாவின் வண்டிக்குள் பல வருடங்களாக ஏறி உட்கார்ந்திருக்கும் உப்பு மீதி.

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாவது. மதுரையில் கிடக்கும் வண்டியில் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். அமிலத்தால் கரைத்து, கழுவித் துடைத்து, எண்ணெய் பூசினால் விஷயம் முடிந்தது. தூத்துக்குடித் துருவுக்குள் குளோரைடும் இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்து, துருவின் இடுக்கு வழியாக அடியில் இருக்கும் நல்ல இரும்பைப் போய்த் தொடுகிறது. அங்கே இரும்புக் குளோரைடு உண்டாகிறது. அது காற்றையும் ஈரத்தையும் சந்தித்ததும் துருவாக மாறும். மாறும்போது உள்ளே இருந்த குளோரைடு அமிலமாகப் பிரிந்து அடுத்த இரும்பைத் தின்னப் போகும். இதில் குளோரைடு செலவாவதே இல்லை. கொஞ்சம் உள்ளே இருந்தாலும் போதும், வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வேலை செய்யும். மழைக்காலத்தில் பழைய இரும்பின் மேல் தேன் நிறத்தில் சிறுசிறு துளிகள் வியர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வியர்க்கும் இடத்தில் உப்பு உள்ளே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமையல் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட வேண்டும். கடல் உப்பில் சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது இந்த மெக்னீசியம்தான். அந்த நீர் ஊறிய சேறு தெறித்த மட்கார்டு நமக்குக் காய்ந்ததுபோலத் தெரியும். உலோகத்தைப் பொறுத்தவரை அது வருடம் முழுவதும் நனைந்தே இருக்கிறது.

இந்தக் கரையின் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை நம் விஞ்ஞானிகள் நீண்ட காலமாக அளந்து வருகிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. மண்டபத்திலும், பிற்பாடு தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் அதற்குக் கிளைகள் அமைந்தன. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்து அரிப்பை அளப்பது அவர்கள் செய்துவரும் வேலைகளில் ஒன்று. கடலை விட்டு உள்ளே போகப் போக, காற்றில் வரும் உப்பு மிக வேகமாகக் குறைந்துவிடும். உங்கள் வீட்டில் தோற்ற வைத்தியம் தம்பி வீட்டில் பலித்ததற்குக் காரணம் அதுதான். துருவை எடுப்பது பற்றி உள்நாட்டு ஊர்க்காரர்கள் எழுதுவதை அப்படியே கடலோரத்தில் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி அமிலங்களுக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்ன பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை ஐந்து நிமிடத்தில் தின்னும் என்பது உண்மை. அடியில் உள்ள இரும்பையும் விடாமல் தின்னும். பெயரிலேயே குளோரைடு இருக்கிறது. நாம் வெளியேற்றப் பாடுபடும் பொருளையே குடம் குடமாக ஊற்றும் வேலை அது. அதன் புகை பட்டால் போதும், கொட்டகையில் இருக்கும் மண்வெட்டி, ஸ்பேனர், தையல் மெஷின் எல்லாம் இரண்டே நாளில் துரு பூக்கும். பிளீச்சிங் பவுடர் கிடக்கும் தரையில் இந்த ஆசிட் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும்; அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

அம்மா சொன்ன புளிக்கு மரியாதை உண்டு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளைக் குத்துவிளக்கைத் தலைமுறை தலைமுறையாகத் துலக்கிவந்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் புதுப்புளியை வாங்கிக் கொட்டை எடுத்து, பூச்சி விழாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் பானையில் அமுக்கி வைப்போம். அந்தப் புளியால் இரும்பைத் தேய்த்தால் மறுபடியும் உப்பைத்தான் தேய்க்கிறோம். விளக்குக்கு அது ஆகும், சைக்கிளுக்கு ஆகாது. வினிகரில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அசிட்டிக் அமிலம் உண்டு. வேலை செய்யும், மெதுவாக. அதன் ஆவியும் பக்கத்திலுள்ள இரும்பைத் தாக்கும் என்பதால் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. கோலாவில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் சொற்பம், சர்க்கரைதான் அதிகம். பிசுபிசுப்பும் எறும்பும் வந்து சேரும்.

நான் சொல்வது சிட்ரிக் ஆசிட். பலசரக்குக் கடையிலும் கெமிக்கல் கடையிலும் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் சில இடங்களில் தருவார்கள். எலுமிச்சைக்குப் புளிப்பைக் கொடுக்கும் அதே அமிலம்தான், ஆனால் இன்றைக்குப் பழத்திலிருந்து எடுப்பதில்லை. சர்க்கரைக் கரைசலில் ஒரு கரும் பூஞ்சணத்தை வளர்த்தால் சிட்ரிக் அமிலம் ஏராளமாகக் கிடைக்கும் என்று 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் கண்டறிந்தார். அதிலிருந்துதான் இது மலிவானது. இது இரும்பு அயனியைக் கவ்விப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும், புகை கிளப்பாது, குளோரைடைக் கொண்டுவராது.

அமிலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வண்டியை முழுதாகக் கழற்றுங்கள். பழைய கிரீஸ் ஒட்டிய இடத்தில் அமிலம் ஏறாது. மண்ணெண்ணெயில், அது கிடைக்காவிட்டால் டீசலில், பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு பாகங்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் ஒரு முறை தண்ணீரை மாற்றி, மூன்று நாள் விடுங்கள். மேலோட்டமான உப்பு இதில் போய்விடும். நல்ல தண்ணீர் என்று நான் சொல்வது வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை. போர்த் தண்ணீர் கரித்தால் அதைத் தொடாதீர்கள்.

கரைசலுக்கு அளவு: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். கை பொறுக்கும் சூடு போதும். இதில் ஒரு திருத்தம் செய்துகொண்டால் உங்கள் வண்டிக்கு இன்னும் நல்லது. 50 கிராம் ஆசிடுக்கு 25 கிராம் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். நுரை பொங்கும், ஆகவே பெரிய வாளி வேண்டும். சோடா அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. துருவைக் கவ்வும் குணம் அப்படியே இருக்க, நல்ல இரும்பை அரிக்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது. வெறும் சிட்ரிக் கரைசலில் போட்டால் மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். சோடா கலந்ததில் ஓர் இரவு விடலாம். இந்தச் சோடாவும் நம்மூருக்கு அந்நியமில்லை: தூத்துக்குடி உப்பை மூலப்பொருளாகக் கொண்டு சோடா ஆஷ் செய்யும் ஆலை 1980-களில் இங்கேயே வந்தது.

பாகம் முழுவதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் மட்டத்தில் கோடு விழுந்து அரிக்கும். ஹேண்டில்பார் வாளிக்குள் அடங்காது. அகலமான பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தேடுங்கள். கேரியரின் கம்பிகளுக்கு ஒரு முனை அடைத்த பிவிசி குழாயே போதும், கரைசலும் குறைவாகச் செலவாகும். வெறும் சிட்ரிக்கில் இரும்பிலிருந்து நிற்காமல் குமிழி வந்தால், துரு தீர்ந்து நல்ல உலோகம் கரைகிறது என்று பொருள், உடனே எடுத்துவிடுங்கள். வெளியே வரும்போது மேலே கறுப்பாக ஒரு படலம் இருக்கும். பயப்பட வேண்டாம், நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். துருவுக்குள் இருந்த குளோரைடும் இப்போது கரைசலில் இறங்கியிருக்கிறது. ஆகவே ஒரு தடவை போட்ட கரைசலில் அடுத்த தொகுதியைப் போடாதீர்கள். காசைப் பார்த்து அதே வாளியை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உப்பை ஒரு பாகத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரைக்காரர் செய்யத் தேவையில்லாத, நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. துரு போன பாகத்தை நல்ல தண்ணீரில் அலசி, லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். கடலடியில் மூழ்கிக் கிடந்த இரும்புப் பீரங்கிகளை எடுத்துப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்தார் செய்வதும் இதைத்தான். காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், ஊறவைத்து குளோரைடை வெளியே இழுக்கிறார்கள். காரத்தில் இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்காது. உப்பு மட்டும் மெல்ல வெளியேறும். சைக்கிள் பாகத்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம். ஒரு வாரம், நடுவில் இரண்டு முறை கரைசலை மாற்றினால் போதும். கடைசியாக, கொதிக்கும் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஆனால் மிக நல்லது. சூடேறிய இரும்பு தானே காய்ந்துவிடும்.

உப்பு முழுதும் போயிற்றா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், சோடாவை நன்றாக அலசிய பாகத்தை டிஸ்டில்டு வாட்டரில் ஓர் இரவு வைத்து, அந்தத் தண்ணீரைப் பள்ளிக்கூட வேதியியல் ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் குளோரைடு இருக்கும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். சோடா மிச்சம் இருந்தாலும் கலங்கும் என்பதால், அவர் முதலில் துளி நைட்ரிக் அமிலம் சேர்த்துக்கொள்வார்.

எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது செய்தால், துடைத்துத் திரும்புவதற்குள் செம்மை பூத்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வறண்ட காற்று, உப்பைச் சுமந்து வராது. அந்த நாட்களில் நடுப்பகலில் பாகங்களைக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெயோ பிரைமரோ பூசிவிடுங்கள். உப்பள வேலைக்குத் தோதான வெயிலும் காற்றும் இந்த வேலைக்கும் தோதானவை.

எல்லாவற்றையும் வாளியில் போடக் கூடாது. செயின், பால்ரஸ், சீட்டு ஸ்பிரிங் ஆகியவை கடினமாக்கப்பட்ட எஃகு. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். செயினையும் பால்ரஸையும் காட்டர் பின்னையும் புதிதாக வாங்குங்கள், பெரிய செலவில்லை. சீட்டு ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு மட்டும் சுத்தம் செய்யுங்கள். நாகம் பூசிய போக்ஸ் கம்பியை அமிலத்தில் போட்டால் துருவோடு நாகமும் கரைந்துபோகும். அலுமினிய பாகம் அமிலத்துக்கும் ஆகாது, சோடாவுக்கும் ஆகாது. தோல் சீட்டு பக்கத்திலேயே வரக் கூடாது. பிரேமையும் முக்க வேண்டாம். 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியின் பழைய ஹெர்குலிஸ் வண்டிகளில் பிரேமின் மேல் ஒட்டிய எழுத்தும் சின்னமும் திரும்பக் கிடைக்காதவை. சிட்ரிக் கரைசலில் நனைத்த பஞ்சைத் துரு உள்ள இடத்தில் மட்டும் ஒட்டி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, அரை மணிக்கொரு முறை பாருங்கள்.

ஹேண்டில்பார், ரிம்மில் இருக்கும் குரோம் துருப்பிடிப்பதில்லை. குரோம் பூச்சின் நுண்துளைகள் வழியாக அடியில் உள்ள எஃகுதான் துருப்பிடித்து வெளியே கக்குகிறது. இங்கே மணல் தாளைப் பயன்படுத்தினால் மிச்சமிருக்கும் குரோமும் போய்விடும். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. துருவை மட்டும் எடுக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் சிட்ரிக்கில் வைத்து அலசி, மெழுகு பூசுங்கள். குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும்; அதை நிரப்ப மறுபடி குரோம் பூசும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மட்கார்டின் உள்பக்கம், கேரியரின் மடிப்பு, செயின் கவரின் ஓரம் போன்ற, துரு முழுதாகப் போகாத மூலைகளுக்கு ஒரு நாட்டு மருந்து உண்டு: கடுக்காய். அந்தக் காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து மை செய்தார்கள். அன்னபேதி இரும்புச் சத்து, கடுக்காய் நிறையத் துவர்ப்பு; இரண்டும் சேர்ந்தால் கரையாத கருமை. துருவின் மேலும் அதேதான் நடக்கும். கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்து, வடிகட்டிய கஷாயத்தைப் பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை பூசினால், மிச்சத் துரு நீலக்கறுப்பாக மாறி இறுகும். அதன் மேல் பிரைமர் அடிக்கலாம். உப்பை எடுத்த பிறகுதான் இது பலிக்கும்; உப்பின் மேல் பூசினால் கறுப்புக்கு அடியில் அரிப்பு தொடரும். கடையில் துரு மாற்றி என்று விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலுக்கும் இதே நிபந்தனைதான்.

எண்ணெயில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் பெடலிலும் ஹப்பிலும் விடாதீர்கள். நாளாக ஆக அவை பிசினாகி மண்ணைப் பிடிக்கும். உள்ளே கிரீஸ், வெளியே மெழுகு அல்லது மெல்லிய என்ஜின் ஆயில். ஓட்டிவிட்டு வந்ததும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத் தூசியை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் அது இடம் மாறுமே தவிர வெளியே போகாது.

மிஞ்சும் கரைசலை அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள். மொசைக் தரையிலும் கடப்பாக் கல்லிலும் அது பட்டால் பொரிந்து தழும்பு விழும். முத்தும் சிப்பியும் சங்கும் அதே சுண்ணச் சத்துதான். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் வாளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இந்தக் குணமே நமக்கு உதவியும் செய்யும். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றாலும் இந்தக் கரையில் சிப்பிக்குப் பஞ்சமில்லை, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பும் கிடைக்கும். ஒரு கைப்பிடி சுண்ணாம்பைக் கரைசலில் போட்டுக் கலக்கி, தெளியும்வரை வைத்துவிட்டு, செடி கொடி இல்லாத இடத்தில் ஊற்றுங்கள். யாராவது ஆக்சாலிக் ஆசிடைச் சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது துருவை நன்றாகவே எடுக்கும், ஆனால் விஷம். சிட்ரிக்கில் முடியும் வேலைக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

மகன் ஏறி ஓட்டப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே துரு போன பிறகு, பெயின்டு அடிப்பதற்கு முன், மூன்று இடங்களைப் பாருங்கள்: முன் ஃபோர்க்கின் மேல்முனை, பிரேமின் அடியில் கிராங்கு பொருந்தும் குழலைச் சுற்றிய பகுதி, சீட்டுக் குழாய் செருகும் இடம். உப்புச் சேறும் வியர்வையும் போய்த் தேங்குவது அங்கேதான். ஒரு கூரான ஆணியை வைத்து அழுத்துங்கள். ஆணி வழுக்கினால் நல்லது. உள்ளே இறங்கினாலோ, தட்டும்போது மற்ற இடத்தில் வரும் கணீர் ஓசை இல்லாமல் மந்தமாகக் கேட்டாலோ, குழாய்ச் சுவர் உள்ளிருந்தே தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கு என்றால் அதே அளவில் மாற்று வாங்கிப் போடலாம். பிரேம் என்றால், பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்த பழைய சைக்கிள் பட்டறைக்காரரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு மட்டுமே பையனை ஏற்றுங்கள்.